கட்டொழுங்கைக் காட்டிப் படிப்பைக் குறைக்காதீர்கள்: எங்கள் கல்வி மைய நிர்வாகக் குழுவுக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும்,

அலுவலகச் சுவரில் போன வாரம் ஒட்டிய சுற்றறிக்கையைப் பற்றி எழுதுகிறோம். அடுத்த மாதத்திலிருந்து புள்ளி வெட்டும் முறை வருகிறது. பத்துப் புள்ளி போனால் மூன்று நாள் இடைநீக்கம், முப்பது போனால் பெயர் நீக்கம். தாமதமாக வருகிறவர்கள் வாசலில் முட்டி போட வேண்டும். கணிதமும் வரலாறும் கால அட்டவணையிலிருந்து எடுக்கப்படுகின்றன. மலாய்மொழிக்கு வாரத்தில் இரண்டே பாடவேளை, மிச்ச நேரமெல்லாம் பட்டறைக்கு. "முதலில் கட்டொழுங்கு, பிறகு படிப்பு" என்று அறிக்கையின் அடியில் எழுதியிருக்கிறீர்கள். இங்கே தினமும் பாடம் நடத்துகிற எங்களில் ஒருவரிடமும் கேட்காமல் எடுத்த முடிவு இது. கேட்டிருந்தால் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்லியிருப்போம்: பள்ளியிலிருந்து விலகி நம் மையத்துக்கு வரும் இந்தப் பிள்ளைகளிடம் படிப்பைக் குறைத்தால் கட்டொழுங்குப் பிரச்சினை கூடும்.

நம்மிடம் வரும் பிள்ளை எந்த வழியாக வருகிறான் என்று முதலில் பாருங்கள். மலேசியத் தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு. மலாய்மொழியில் பின்தங்கியிருந்தால் இடைநிலைப் பள்ளியில் ஓராண்டு புகுமுக வகுப்பு. அதன்பின் முதலாம் படிவத்தில் வரலாறும் புவியியலும் மலாயில். இப்போது நம்மிடம் இருப்பவர்களில் பெரும்பாலோர் 2020 மார்ச்சில் கோவிட் தொற்றுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது இரண்டாம், மூன்றாம், நான்காம் ஆண்டில் இருந்தவர்கள். எழுத்துக் கூட்டிப் படிப்பது போய்ச் சரளமாக வாசிக்கத் தொடங்கும் வயது அது. அந்த வயதில் பள்ளி மூடிக் கிடந்தது. மூன்று பிள்ளைகள் இருந்த வீட்டில் ஒரு போன்தான், அதையும் அப்பா வேலைக்குக் கொண்டு போய்விடுவார். ஆறாம் ஆண்டில் நடந்த யூ.பி.எஸ்.ஆர். அரசுத் தேர்வு 2021-லும், மூன்றாம் படிவத்தில் நடந்த பி.டி.3 தேர்வு 2022-லும் ரத்து செய்யப்பட்டன. அந்தத் தேர்வுகள் போனதில் எங்களுக்கு வருத்தமில்லை. ஆனால், வாசிக்கத் தெரியாத பிள்ளையை யாரும் நிறுத்திப் பார்க்காமலே மூன்றாம் படிவம் வரை அனுப்பிவிட முடிந்தது என்பதும் உண்மை. வகுப்பறை மதிப்பீட்டில் ஆறு அடைவுநிலைகளில் மிகக் கீழான ஒன்றிலோ இரண்டிலோ நின்றவனும் ஆண்டு முடிந்தால் மேல் வகுப்புக்குப் போய்விடுவான். பதினான்கு வயதில் மட்டம் போடத் தொடங்குவான். எச்சரிக்கைக் கடிதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வீட்டுக்கு வரும், அவையும் மலாயில். பிறகு நம்மிடம் வந்து சேருகிறான்.

வாசிக்கத் தெரியாததை மறைப்பதில் இவர்கள் கைதேர்ந்தவர்கள். அவன் அந்த எட்டு ஒன்பது ஆண்டுகளில் முழுமையாகக் கற்றுக்கொண்ட வித்தை அதுதான். உரக்க வாசிக்கும் முறை தனக்கு வர இரண்டு பேர் இருக்கும்போது கழிவறைக்குப் போக வேண்டும் என்பான். புத்தகத்தை மறந்துவிட்டேன் என்பான். பக்கத்தில் இருப்பவனைச் சிரிக்க வைப்பான், மேசையில் தலை கவிழ்த்துத் தூங்குவான். ஆசிரியர் விடாமல் கேட்டால் நாற்காலியை எட்டி உதைப்பான். நாற்காலியை உதைத்தால் வெளியே அனுப்புவார்கள், வெளியே போய்விட்டால் வாசிக்க வேண்டியதில்லை. கூட இருப்பவர்கள் அவனை முரடன் என்பார்கள், முட்டாள் என்று சொல்லமாட்டார்கள். பதினைந்து வயதுப் பையனுக்கு இந்த இரண்டில் எது மேல் என்பது உங்களுக்கே தெரியும்.

பெண் பிள்ளைகள் பெரும்பாலும் வேறு விதமாக மறைக்கிறார்கள். வரிசையாக, அடித்தல் திருத்தல் இல்லாமல், முத்துமுத்தாகக் கரும்பலகையில் இருப்பதைப் பார்த்து எழுதிவிடுவார்கள். நோட்டைப் பார்த்தால் நல்ல மாணவி. அதே பக்கத்திலிருந்து ஒரு வரியை விரல் வைத்துக் காட்டி வாசிக்கச் சொன்னால் வாய் திறக்காது. உங்கள் புள்ளி முறையில் இந்தப் பிள்ளை ஒரு புள்ளியும் இழக்கப் போவதில்லை. ஆண்டு முடிவில் நன்னடத்தைப் பரிசுகூட வாங்குவாள், வாசிக்கத் தெரியாமலே.

சேரும் பிள்ளை ஒவ்வொருவரையும் முதல் வாரத்தில் தனியாக உட்காரவைத்துப் பன்னிரண்டு நிமிடம் சோதிக்கிறோம். நூறு சொல் கொண்ட மலாய்ப் பத்தி ஒன்றை வாசிக்கச் சொல்லிப் பிழைகளைக் குறிப்போம். ஐந்துக்குள் இருந்தால் அந்த நிலைப் பாடத்தைத் தானாகப் படிப்பான். பத்து வரை போனால் ஆசிரியர் துணை வேண்டும். பத்தைத் தாண்டினால் அந்தப் புத்தகத்தை அவன் கையில் கொடுப்பதே சண்டைக்கு அழைப்பது போல. எத்தனை பிழை என்பதைவிட எந்த இடத்தில் பிழை என்பதுதான் எங்களுக்கு முக்கியம். "பா-ச்சா" போன்ற திறந்த அசை வருகிறது, "பந்தால்" போன்ற மூடிய அசையில் தடுக்குகிறான் என்றால் ஒரு வைத்தியம். "ங", "ஞ" ஒலிக்கு மலாயில் இரண்டெழுத்து சேர்ந்து வருவது பிடிபடவில்லை என்றால் வேறு வைத்தியம்.

அதிகம் பேர் விழுகிற பள்ளம் முன்னொட்டு. "தூலிஸ்" என்றால் எழுது என்று அவனுக்குத் தெரியும். அது "மெனூலிஸ்" ஆகும்போது முதலெழுத்து மறைந்துவிடுகிறது. "சாப்பு" "மெஞாப்பு" ஆகிறது, "பூக்குல்" "மெமூக்குல்" ஆகிறது, "கீரிம்" "மெஙீரிம்" ஆகிறது. தெரிந்த சொல் தெரியாத முகத்தோடு வந்து நிற்கிறது. பாடநூலில் ஒவ்வொரு வரியிலும் இப்படி இரண்டு மூன்று. இதை யாராவது உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால், நாளுக்கு இருபது நிமிடம் வீதம் ஐந்தாறு வாரத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். சொல்லிக்கொடுக்காவிட்டால் "கவனமே இல்லாத பையன்" என்ற பெயர் நிலைத்துவிடும். வாரத்துக்கு இரண்டு பாடவேளை என்று நீங்கள் குறைத்திருப்பது இந்த இருபது நிமிடத்தைத்தான்.

கணிதத்திலும் இதே கதை. நம் மாணவர் நோட்டு எதையாவது திறந்து பாருங்கள். 502-இல் 178-ஐக் கழி என்றால் 476 என்று எழுதியிருப்பார்கள். ஏனோதானோவென்று எழுதிய விடை என்று நினைத்துவிட வேண்டாம். ஐந்தில் ஒன்று போனால் நான்கு. பூஜ்யத்துக்கும் ஏழுக்கும் வித்தியாசம் ஏழு. இரண்டுக்கும் எட்டுக்கும் ஆறு. ஒவ்வோர் இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழித்திருக்கிறான். அவனுக்கு ஒரு விதி இருக்கிறது, விதிதான் தவறு. நடுவில் பூஜ்யம் இருந்தால் யாரிடம் கடன் வாங்குவது என்று யாரும் அவனுக்குக் கையில் பிடித்துக் காட்டவில்லை. செம்பனை ஈர்க்குகளை நறுக்கிப் பத்துப் பத்தாகக் கட்டி, பத்துக் கட்டுகளைச் சேர்த்து நூறாகக் கட்டிக் கொடுத்து, ஒரு நூறைப் பிரித்துப் பத்துக் கட்டாக்கு, அதில் ஒரு கட்டை அவிழ்த்து ஒன்றுகளாக்கு என்று செய்யச் சொன்னால் 324 வருகிறது. இரண்டு வாரம் போதும். அதே கணக்கை ஐம்பது முறை எழுதச் சொன்னால் 476 ஐம்பது முறை வரும்.

உங்கள் கையில் ஆதாரம் கொடுக்க வேண்டும் என்பதற்காகப் பதிவேட்டைப் பற்றியும் சொல்கிறோம். வகுப்பில் ஏதாவது கலாட்டா நடந்தால் ஐந்து விஷயம் எழுதி வைக்கிறோம்: மணி எத்தனை, எந்தப் பாடம், அதற்குச் சற்று முன் அவனிடம் என்ன செய்யச் சொன்னோம், அவன் என்ன செய்தான், செய்ததால் அவனுக்குக் கிடைத்தது என்ன. "ஒழுங்கீனமாக நடந்தான்" என்று எழுதக்கூடாது. "நோட்டைக் கிழித்தான்", "கெட்ட வார்த்தை சொன்னான்" என்று கண்ணால் கண்டதை மட்டும் எழுத வேண்டும். இப்படி இரண்டு வாரம் எழுதினாலே உருவம் தெரிந்துவிடும். உரக்க வாசிக்கச் சொன்ன உடனே, கரும்பலகையிலிருந்து நீளமாக எழுதச் சொன்ன பிறகு, ஓய்வு நேரம் முடிந்து வகுப்புக்குத் திரும்பும் பத்து நிமிடத்தில், திங்கட்கிழமைக் காலையில் என்று கலாட்டாக்கள் கொத்துக் கொத்தாக விழுகின்றன. அவனுக்குக் கிடைத்தது என்ன என்ற கடைசிக் குறிப்பில் திரும்பத் திரும்ப வருவது ஒன்றுதான்: "பாடத்திலிருந்து தப்பித்தான்." சுற்றறிக்கை எழுதும் முன் இந்தப் பதிவேட்டைக் குழுவில் யாரும் கேட்டு வாங்கவில்லை. அலுவலக அலமாரியில் பச்சை அட்டை போட்டு இருக்கிறது.

இதை வைத்துக்கொண்டு உங்கள் புள்ளி முறையைப் பார்த்தால் கோளாறு எங்கே என்று தெரியும். வாசிப்பதிலிருந்து தப்பிக்க நாற்காலியை உதைக்கிறவனுக்கு மூன்று நாள் விடுமுறை கொடுக்கிறீர்கள். அவன் கேட்டதைவிட அதிகம் கொடுக்கிறீர்கள். அந்த மூன்று நாள் அவன் எங்கே இருப்பான்? அப்பாவும் அம்மாவும் விடியற்காலை, தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கோ தொழிற்சாலை பஸ்ஸுக்கோ போய்விட்டிருப்பார்கள். அடுக்குமாடி மாடிப்படியில் உட்கார்ந்திருப்பான். வேப் எனும் மின்சிகரெட் கொடுப்பவனும் போதை தரும் கெத்தும் இலைத் தண்ணீர் விற்பவனும் கும்பலுக்கு ஆள் பிடிப்பவனும் அங்கேதான் வருகிறார்கள். நாலாம் நாள் திரும்பி வரும்போது பாடம் மூன்று நாள் முன்னே போயிருக்கும், தப்பிக்க வேண்டிய காரணம் மூன்று மடங்காகியிருக்கும்.

போன புள்ளி திரும்பி வர வழி வைக்கவில்லை. மூன்றாம் வாரத்தில் இருபத்தைந்து புள்ளி இழந்து நிற்பவன் இனி நல்லவனாக இருந்து என்ன லாபம் என்றுதான் கணக்குப் போடுவான். இன்னொன்று, ஒரே செயலுக்கு ஓர் ஆசிரியர் ஒரு புள்ளி வெட்டுவார், இன்னொருவர் ஐந்து வெட்டுவார். வெளியே தள்ளப்பட்டே பழகிய பிள்ளைகளுக்கு அநியாயத்தின் வாடை உடனே தெரியும். அன்றைக்கு முழு வகுப்பும் கெடும்.

முட்டி போடுவது பற்றிப் பணிவோடும் உறுதியோடும் சொல்கிறோம், அதை எங்களில் யாரும் செய்யவைக்க மாட்டோம். அரசுப் பள்ளிகளில் பிரம்படிக்கே 1959-ஆம் ஆண்டுப் பள்ளிக் கட்டொழுங்கு விதிகளில் வரையறை இருக்கிறது: ஆண் பிள்ளைகளுக்கு மட்டும், உள்ளங்கையிலோ ஆடைக்கு மேல் பின்புறத்திலோ, தலைமையாசிரியரோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ மட்டும். வெயிலில் சிமெண்டுத் தரையில் முட்டி போட வைக்க எந்த விதியும் நமக்கு இடம் தரவில்லை. தாமதமாக வருகிறவர்கள் யார் என்றும் பாருங்கள். தம்பி தங்கையைத் தமிழ்ப்பள்ளி வாசலில் இறக்கிவிட்டு வருகிறவர்கள்தான் பெரும்பாலும். அந்தப் பள்ளியின் மணியும் நம் மணியும் ஒரே நேரத்தில் அடிக்கின்றன. நம் மணியைப் பதினைந்து நிமிடம் தள்ளி வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். அந்தப் பதினைந்து நிமிடத்தில் ஒரு கோப்பை மைலோவும் ரொட்டியும் கொடுத்தால் இன்னும் கொஞ்சம் தீரும். பசியாறாமல் வந்த பிள்ளை பத்து மணிக்குச் சீறுவான், அதற்கும் குணத்துக்கும் சம்பந்தமில்லை.

பிள்ளைகளை அவர்கள் போக்கில் விடச் சொல்கிறோம் என்று எண்ண வேண்டாம். இந்தப் பிள்ளைகளுக்கு மற்ற பிள்ளைகளைவிடக் கூடுதலான ஒழுங்கு வேண்டும், ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரி இருக்கிற ஒழுங்கு வேண்டும். வாசலில் ஓர் ஆசிரியர் நின்று பெயர் சொல்லி அழைத்து உள்ளே அனுப்ப வேண்டும். முகத்தைப் பார்த்தால் அன்றைக்கு யார் வீட்டில் சண்டை என்று அங்கேயே தெரிந்துவிடும், வகுப்பு ஆசிரியருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். போன்கள் கூடைக்குள். உட்கார்ந்ததும் செய்ய வேண்டிய ஐந்து நிமிட வேலை பலகையில் இருக்க வேண்டும், அது நேற்றுப் படித்ததிலிருந்து, எல்லாராலும் முடிகிற வேலையாக இருக்க வேண்டும். சுற்றறிக்கையில் பத்தொன்பது விதிகள் இருக்கின்றன. பத்தொன்பதை எந்த ஆசிரியரும் அமல்படுத்த முடியாது. மூன்று போதும்: கை ஓங்கக்கூடாது, ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்க வேண்டும், கொடுத்த வேலையைத் தொடங்க வேண்டும். முடிக்க வேண்டும் என்று நாங்கள் எழுதவில்லை, தொடங்க வேண்டும். தொடங்கியவனை முடிக்க வைப்பது ஆசிரியர் வேலை.

ஒருவன் முறைத்தால் எல்லார் முன்னும் கத்தக்கூடாது. பக்கத்தில் போய்த் தாழ்ந்த குரலில் இரண்டு வழி சொல்ல வேண்டும்: இங்கே உட்கார்ந்து முதல் இரண்டு கேள்வியைச் செய், இல்லையென்றால் பின் மேசைக்குப் போய் அங்கே செய். சொல்லிவிட்டு ஒரு நிமிடம் விலகிப் போக வேண்டும். தலைக்கு மேலேயே நின்றால் அவன் கூட்டாளிகளுக்காக நம்மோடு மோதித்தான் ஆக வேண்டும். விலகினால் மானம் போகாமல் உட்கார அவனுக்கு ஒரு வழி கிடைக்கும். இதில் நாங்களும் தவறியிருக்கிறோம். களைத்துப்போன வெள்ளிக்கிழமைகளில் எங்கள் குரலும் உயர்ந்திருக்கிறது, உயர்ந்த நாட்களில் பதிவேடு நீண்டிருக்கிறது. கொதித்துப் போனவனுக்குப் பத்து நிமிடம் தனி இடம், கூட ஒரு பெரியவர். அதன்பின் விட்ட வேலையை அவன் திரும்பவும் செய்ய வேண்டும், இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. எத்தனை நாற்காலி உதைத்தாலும் அந்த இரண்டு கேள்வி காத்திருக்கும் என்று புரிந்த பிறகு நாற்காலியை உதைப்பதில் அர்த்தமில்லாமல் போகிறது. நாற்காலி உடைந்திருந்தால் பட்டறையில் அவனே திருத்திக் கொடுக்க வேண்டும்.

கத்தி, போதைப்பொருள், காயம் வருகிற அடிதடி ஆகியவற்றுக்கு இந்தப் பொறுமை கிடையாது. அன்றே வகுப்பிலிருந்து விலக்கி, அன்றே பெற்றோரை அழைத்து, சட்டம் கேட்கிற இடத்தில் போலீசுக்கும் சொல்ல வேண்டும். உங்கள் அட்டவணையில் இதுவும் தாமதமாக வருவதும் ஒரே புள்ளிக் கணக்கில் கூட்டப்படுகின்றன. அதுதான் சரியில்லை.

போன தவணையில் நடந்த சண்டை இந்தச் சுற்றறிக்கைக்குக் காரணம் என்பது எங்களுக்குத் தெரியும். அக்கம்பக்கத்தார் புகார் கொடுத்தார்கள், நன்கொடையாளர் ஒருவர் வருத்தப்பட்டார். சண்டை நடந்தது உண்மை. ஆனால் எப்போது நடந்தது? நாற்பது நிமிட ஓய்வு நேரத்தின் கடைசிப் பத்து நிமிடத்தில், பெரியவர்கள் யாருமே முற்றத்தில் இல்லாதபோது. அன்று இரண்டு ஆசிரியர்களைக் கணக்குச் சரிபார்க்க அலுவலகத்துக்கு அழைத்திருந்தீர்கள். ஓய்வு நேரத்தை இருபது இருபது நிமிடமாக இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் முற்றத்தில் இரண்டு பெரியவர்கள் நின்றால் அந்த இடம் அடைபடும். புள்ளி வெட்டினால் அடைபடாது.

இனிப் படிப்புக்கு வருகிறோம். "இவர்களுக்கு ஏட்டுப்படிப்பு வராது, கைத்தொழில் போதும்" என்று குழுவில் சிலர் சொன்னதாகக் கேள்விப்பட்டோம். கைத்தொழிலை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் இந்த வாக்கியம் நம் தோட்டங்களில் மிகப் பழையது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. பள்ளி வைத்தார்கள். பல தோட்டங்களில் அது நாலாம் வகுப்போடு நின்றது, அதற்கு மேல் உனக்கு எதற்கு, ரப்பர்ப் பால்வாளியை எடு என்றார்கள். வெளியார் நம் பிள்ளைகளுக்குச் சொன்னதை நாமே நம் பிள்ளைகளுக்குச் சொல்லலாமா?

ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். அரசுத் தேர்வில் சான்றிதழ் கிடைக்க மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி கட்டாயம். மற்ற பாடங்களில் என்ன வாங்கினாலும் இந்த இரண்டில் ஒன்று போனால் சான்றிதழ் இல்லை. அட்டவணையிலிருந்து வரலாற்றை எடுத்தால், நம் பிள்ளைகள் பிற்காலத்தில் தனியார் விண்ணப்பதாரராகக்கூடத் தேறமுடியாதபடி நாமே கதவைச் சாத்துகிறோம். வரலாறு இவர்களுக்குக் கடினம் என்பது உண்மைதான். கடினம் பெரும்பாலும் கேள்விச் சொற்களில் இருக்கிறது. "ஞாத்தாக்கான்" என்றால் ஒரு வரியில் சொன்னால் போதும், "ஜெலாஸ்கான்" என்றால் விளக்க வேண்டும், "பண்டிங்கான்" என்றால் இரண்டையும் ஒப்பிட வேண்டும். இந்த வேறுபாடு தெரியாமல் நாலு மதிப்பெண் கேள்விக்கு ஒரு சொல் எழுதிவிட்டு வருகிறார்கள். வரலாற்றுப் பாடத்தையே மலாய் வாசிப்புப் பாடமாக நடத்தலாம்: ஒரு நாளைக்கு ஒரு பத்தி, எட்டுப் புதுச் சொல், இரண்டு கேள்வி. இரண்டு பாடத்துக்கும் ஒரே மணி நேரம் உதவும்.

பட்டறைக்கும் இந்தப் படிப்பு வேண்டும். எஸ்.கே.எம். எனும் மலேசியத் திறன் சான்றிதழ்ப் பயிற்சியில் ஒவ்வொரு திறனுக்கும் தகவல் தாளும் பணித் தாளும் உண்டு, அவற்றை வாசித்துத்தான் வேலை செய்ய வேண்டும். வயரிங் கற்பவன் 2,000 வாட் தண்ணீர்ச் சூடாக்கிக்கு 230 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர் என்று வகுத்துப் பார்க்க வேண்டும், ஏறக்குறைய 8.7. தசமம் தெரியாதவன் ஊகித்து மெல்லிய கம்பியைப் போடுவான், கம்பி சூடேறும். தோட்டத்து வேலைக்கே போகிறான் என்று வைத்துக்கொள்வோம். ஹெக்டேருக்கு மூன்று லிட்டர் களைக்கொல்லியை 450 லிட்டர் தண்ணீரில் கலக்கச் சொன்னால், அவன் முதுகில் இருக்கும் 15 லிட்டர் தெளிப்பானுக்கு 100 மில்லி. கணக்குத் தெரியாவிட்டால் மூடியால் அள்ளி ஊற்றுவான். சம்பளச் சீட்டில் 1,700 ரிங்கிட்டுக்கு இ.பி.எஃப். எனும் ஊழியர் சேமநிதிக்கு 11 விழுக்காடு 187 ரிங்கிட் பிடித்திருக்கிறார்களா, கூடப் பிடித்திருக்கிறார்களா என்று பார்க்கவும் விழுக்காடு வேண்டும். இந்தக் கணக்குகளைத்தான் நாங்கள் கணித வகுப்பில் செய்கிறோம். பதினைந்து வயதுப் பையன் கையில் முயல் படம் போட்ட முதலாம் ஆண்டுப் புத்தகத்தைக் கொடுத்தால் வீசி எறிவான். மருந்துப் போத்தல் லேபிளையும் சம்பளச் சீட்டையும் மோட்டார் கையேட்டையும் கொடுத்தால் குனிந்து பார்க்கிறான்.

அரசே கோலாலம்பூர் சௌக்கிட்டில் 2013-இல் தொடங்கிய செக்கோலா பிம்பிஙான் ஜாலினான் காசே எனும் தெருவோரப் பிள்ளைகளுக்கான பள்ளியில் பாடமும் கைத்தொழிலும் சேர்ந்தே நடக்கின்றன. இடைநிலைக் கல்வியை ஐந்தாம் படிவம் வரை கட்டாயமாக்கும் சட்டத் திருத்தம் 2025 ஜூலையில் மக்களவையில் நிறைவேறியிருக்கிறது. நாடு அந்தப் பக்கம் போகும்போது நாம் கணிதத்தையும் வரலாற்றையும் எடுக்கிறோம்.

எங்கள் முறையிலும் ஓட்டை உண்டு. வாசிப்புக் குழுவில் எட்டுப் பேருக்கு மேல் போனால் அது வாசிப்புக் குழுவாக இருப்பதில்லை. ஓர் ஆசிரியர் வராத நாளில் இரண்டு குழுவைச் சேர்க்கிறோம், அன்றைய வேலை வீணாகிறது. தன்னார்வலர்கள் ஆர்வமாக வந்து மூன்றாம் வாரம் காணாமல் போகிறார்கள். அவர்களோடு பழகிய பிள்ளை அடுத்தவரை நம்ப மறுக்கிறான். குழுக்களுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று பெயர் வைத்தது எங்கள் பிழை. மூன்றாம் குழு என்றால் மக்குக் குழு என்று ஒரே நாளில் பெயர் வந்துவிட்டது. இப்போது ஆசிரியர் பெயரால் அழைக்கிறோம், ஆறு வாரத்துக்கு ஒருமுறை மறுபடி சோதித்து மாற்றுகிறோம். இவையெல்லாம் ஆளும் நேரமும் இருந்தால் சரியாகிற குறைகள். நீங்கள் எடுத்துக்கொள்வதும் அந்த நேரத்தைத்தான்.

ஆகவே குழுவினரிடம் நாங்கள் கேட்பவை இவை.

சுற்றறிக்கையை அடுத்த மாதம் அமலுக்குக் கொண்டுவராமல் நிறுத்தி வையுங்கள். முட்டி போடும் தண்டனையை நிறுத்தி வைத்தால் போதாது, எழுத்து மூலம் நீக்குங்கள்.

கணிதத்தையும் வரலாற்றையும் அட்டவணையில் திரும்பச் சேருங்கள், மலாய்மொழிக்குக் குறைத்த நேரத்தைத் திருப்பித் தாருங்கள். காலை எட்டேகாலிலிருந்து ஓய்வு நேரம் வரை வாசிப்புக்கும் கணிதத்துக்கும், அதன்பின் ஒரு பாடவேளை வரலாறு, மிச்சம் பட்டறை. பட்டறை நேரம் உங்கள் அட்டவணையைவிடக் குறையும், ஆனால் நின்றுபோகாது.

இடைநீக்கத்தைக் கத்தி, போதைப்பொருள், காயம் விளைவித்தல் ஆகிய மூன்றுக்கு மட்டும் வையுங்கள். அப்போதும் பிள்ளை கையில் வேலைத் தாள் கொடுத்தனுப்பி, திரும்பும் நாளில் பெற்றோரோடு உட்கார்ந்து பேசிவிட்டுச் சேர்ப்போம். பெயர் நீக்கம் என்றால் அதற்கு முன் பதிவேட்டைப் பார்த்து, ஆசிரியர்களைக் கேட்டு, அந்தப் பிள்ளையையும் கேட்டு முடிவெடுங்கள்.

வாசிப்புக்கு இன்னும் ஓர் ஆசிரியர் தேவை, குறைந்தது ஓராண்டு ஒப்பந்தத்தில். புதிய வெல்டிங் இயந்திரத்துக்கு ஒதுக்கிய தொகையில் ஒரு பகுதியை இதற்கு மாற்ற வேண்டுகிறோம். பழைய இயந்திரத்தைப் பட்டறை ஆசிரியர் பழுதுபார்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

பெற்றோருக்குப் போகும் கடிதங்களைத் தமிழிலும் அனுப்புங்கள். பிறப்புப் பத்திரமோ அடையாள அட்டையோ இல்லாத பிள்ளைகளின் பட்டியலை இந்த மாதமே எடுத்துத் தேசியப் பதிவு இலாகாவில் விண்ணப்பத்தைத் தொடங்குங்கள். தேர்வுக்குப் பதியும் ஆண்டில் தொடங்கினால் பிந்திவிடும்.

இந்த மாதக் கூட்டத்தில் எங்களில் இருவருக்கு அரை மணி நேரம் கொடுங்கள். பச்சை அட்டைப் பதிவேட்டையும், ஒவ்வொரு பிள்ளையின் முதல் வாரச் சோதனைத் தாளையும் கொண்டு வருகிறோம். கூட்டத்துக்கு முன் உங்களில் ஒருவராவது ஒரு காலை வந்து வாசிப்புக் குழுவில் முழு நேரமும் உட்கார்ந்து பாருங்கள். முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

இப்படிக்கு,
மையத்தின் முழுநேர, பகுதிநேர ஆசிரியர்கள்